சினிமாவும் தத்துவமும் சேர்த்துப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

ஆச்சிமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு இரண்டையும் ஒரே பட்டமாகப் படிக்க ஆசை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வைத்திருக்கிறாள். நான்கு வருடம். பெயர் எம்.ஏ. என்றாலும் அங்கே அது இளங்கலைதான்.

அவள் ஐயா, ஏவி.எம். நம்மூரில் ஸ்டுடியோ போட்ட கதையைக் கேட்டே வளர்ந்தவர். “கேமரா பிடிக்கச் சொல்லித் தருவானா?” என்கிறார். பெரும்பாலும் படம் பார்ப்பது, வாசிப்பது, கட்டுரை எழுதுவதுதான் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

இப்படிக் கூட்டுப் பட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டு துறைக் கட்டுரைகளும் ஒரே வாரத்தில் வந்து விழுமா? கணக்கில் சுமாரான பிள்ளைக்குத் தர்க்கவியல் கஷ்டமா? அப்புறம், நீங்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள்?

‘பேசாமல் பி.காம். சேருங்கள்’ என்று மட்டும் போடாதீர்கள். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள்.