ஒரே பலயா, ரெண்டு வெலை ஏன்?

மஸ்கெலியா மணி:
"மாலைதீவு மீனுக்குத்தான் உலகத்துல மதிப்பு, நம்ம இலங்கை ஆளுகளுக்கு மீனே புடிக்கத் தெரியாது"னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாங்க, வாசிச்சதுல இருந்து மனசு ஆறல. ஒரே இந்து சமுத்திரம், ஒரே பலயா (சூரை மீன்), அங்க நீந்துனா தங்கம் இங்க நீந்துனா தகரமா? வித்தியாசம் ஐஸ்ல இருக்கு. நம்ம பலநாள் படகு வாரக்கணக்குல கடல்ல நிக்குது, மொத நாள் புடிச்சது அடியில நசுங்கிக் கெடக்கு, அதான் வெலை விழுது.

டிக்கோயா டீச்சர்:
எழுதினது நான்தான் தம்பி. ஐஸ் மட்டுமா? அவங்க பலயாவ தூண்டில் கம்புல ஒண்ணொண்ணா தூக்குறாங்க, 2012ல கடல் வளத்த அழிக்காம புடிக்கிறவங்களுக்குக் குடுக்கிற எம்எஸ்சி சான்றிதழே கெடச்சிச்சு. 2015ல ஐரோப்பிய ஒன்றியம் நம்ம மீன வாங்குறத நிப்பாட்டுனது மறந்து போச்சா?

மஸ்கெலியா மணி:
அது ஐஸ் பத்தாம நிப்பாட்டுனதா டீச்சர்? சட்டவிரோத மீன்பிடிய நாம சரியா கட்டுப்படுத்தலன்னு நிப்பாட்டுனாங்க, 2016ல தடைய எடுத்துட்டாங்க. மீன் மேல குத்தமே சொல்லல. ஐஸ் ஒழுங்கா போட்டா நம்ம கெலவல்லா (மஞ்சள் துடுப்பு சூரை) ஜப்பானுக்கே போகுது.

கொத்மலை ரவி:
பெரு நாட்ட பாருங்க, நெத்தலி லட்சக்கணக்கான டன் புடிக்கிறான். நோர்வே சமன் (சால்மன் மீன்) என்ன வெலை! நீங்க பலயாவுலயே நிக்கிறீங்க.

மஸ்கெலியா மணி:
ரவி அண்ணே, பெரு நெத்தலி முக்காவாசி மீன்மாவாகி வளர்ப்பு மீனுக்குத் தீனியா போகுது. நோர்வேக்காரன் விக்கிற சமன் பண்ணையில வளத்தது, கடல்ல புடிச்ச மீன் கணக்குல அத ஏன் கொண்டு வாறீங்க? நான் சொல்றது ஐஸ்.

டிக்கோயா டீச்சர்:
எதுக்கெடுத்தாலும் ஐஸ். போன மாசம் டின்மீன் பேச்சுலயும் இப்படித்தான் ஒருத்தரையும் பேச விடல. மலையில இருந்துக்கிட்டு படகு அடித்தட்டு பத்தி பாடம் எடுக்காதீங்க.

மஸ்கெலியா மணி:
மலையில இருந்தா மீன் தெரியாதா? எங்கப்பா இருவது வருசம் சைக்கிள்ல பொட்டி கட்டி தோட்டத்து லயம் லயமா மீன் வித்தாரு. நீர்கொழும்புல இருந்து லொறி வர்றப்ப ஐஸ் கரைஞ்சிருந்தா சாலயா மீன் வயிறு வெடிச்சிரும், பாதி வெலைக்கும் ஆள் இல்ல, அன்னிக்கு வீட்டுல அடுப்பு எரியாது. அத கண்ணால பாத்தவன் நான்.

கொத்மலை ரவி:
அப்ப மாலைதீவுக்காரன் மாசிக் கருவாடு? அதுவும் அதே பலயாதான், ஐஸே இல்லாம அவிச்சுப் பொகை போட்டு காய வைக்கிறான், நம்ம சம்பலுக்கு அவன்கிட்டதான வாங்குறோம்?

மஸ்கெலியா மணி:
மாசி வேற கதை அண்ணே. பச்ச மீன பத்தி பேசுங்க.

டிக்கோயா டீச்சர்:
தனக்கு ஒதவாட்டி வேற கதை. தூண்டில பத்தி நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

மஸ்கெலியா மணி:
தூண்டில்ல புடிச்சாலும் அதையும் ஐஸ்லதான் வைக்கணும் டீச்சர்.