1938க்கு முன்னால் சென்னையில் ரேடியோவே இல்லையாம்!

ரிப்பன்வாசி:
"அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்த 1938 ஜூன் 16க்கு முன்னால் சென்னைக்காரன் காதில் ரேடியோ விழுந்ததே இல்லை" என்று நேற்று எழும்பூரான் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31லேயே ஒலிபரப்பிவிட்டது. 1927ல் காசில்லாமல் மூடிய பிறகு, டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சி கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே நடத்தியது. இதெல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தி?

எழும்பூரான்:
எழுதினேன், மாற்ற மாட்டேன். மாநகராட்சி ரேடியோ சாயங்காலம் ஐந்தரைக்குத் திறந்து ஏழரைக்கு மூடினால் அது ஸ்டேஷனா? ரெண்டு மணி நேரம் சார், ரெண்டே மணி நேரம்! 1938 திறப்பு நாளில் திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை நாகஸ்வரம், ராஜாஜி பேச்சு. அதற்குப் பேர்தான் ரேடியோ.

ரிப்பன்வாசி:
ரெண்டு மணி நேரம் என்று எவன் சொன்னது? நாலு மணியிலிருந்து நாலரை வரை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடம், கதை. ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை இசைத்தட்டு. மாதத்தின் முதல் திங்கள் ஐரோப்பிய சங்கீதம். கூட்டத் தெரியுமா உங்களுக்கு?

எழும்பூரான்:
கூட்டினேன். வார நாளில் ரெண்டரை வருகிறது. அரை மணிக்குத்தான் இவ்வளவு குதிப்பா?

கொழும்புத்துறை:
ரெண்டு பேரும் சண்டை பிடியுங்கோ. 1925 டிசம்பரிலேயே கொழும்பிலை தந்தி இலாகா எஞ்சினியர் எட்வர்ட் ஹார்ப்பர் நிலையத்தையே துவங்கிட்டார். அரசாங்க நிலையம், கிளப் இல்லை. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

ரிப்பன்வாசி:
1924 முந்தியதா, 1925 முந்தியதா? அண்ணே, நீங்களே சொல்லுங்க.

கொழும்புத்துறை:
உங்கட கிளப் மூணு வருஷத்திலை படுத்திட்டுது. எங்கட நிலையம் படுக்கேல்லை. போன தடவை இலங்கை வானொலி இழையிலையும் நீங்கள் இப்பிடித்தான் செய்தனீங்கள், நான் மறக்கேல்லை.

உறையூரான்:
திருச்சி நிலையம் 1939 மே 16. யாராவது ஒரு வரி எழுதினீங்களா? எப்போ பார்த்தாலும் சென்னை, சென்னை.

எழும்பூரான்:
திருச்சிக்குத் தனி இழை போடுங்க தம்பி. இங்கே பேச்சு ரெண்டு மணி நேரத்தைப் பற்றி.

ரிப்பன்வாசி:
ரெண்டரை! அந்த ரெண்டரை யாருக்குக் கேட்டது என்பதையும் சொல்கிறேன். மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். மீன் விற்றவரும் ரிக்‌ஷா இழுத்தவரும் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்கலாம், ஒரு காசு தர வேண்டாம். மாநகராட்சிப் பள்ளிகளில் பெட்டி வைத்ததால், வீட்டில் ரேடியோவைப் பார்த்தே இராத பிள்ளை வகுப்பில் கதை கேட்டது. நீங்கள் கொண்டாடும் 1938ல் வீட்டில் கேட்க செட் வாங்கணும், வருஷம் பத்து ரூபாய் லைசென்சும் கட்டணும். எத்தனை வீட்டுக்கு அது கட்டுப்படியாகும்? கடற்கரையில் உட்கார்ந்தவன் காது காது இல்லையா?

எழும்பூரான்:
காற்றடித்தால் பாதி பாட்டு கடலுக்குத்தான் கேட்டிருக்கும். நீங்கள் போய்க் கேட்ட மாதிரி பேசுகிறீர்கள்.

ரிப்பன்வாசி:
ராஜாஜி பேச்சை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டீர்களோ?

உறையூரான்:
1940ல் ரேடியோவில் ஆர்மோனியத்தையே தடை செய்தார்களே, அந்த வானொலிக்கா இவ்வளவு வக்காலத்து?

எழும்பூரான்:
கர்நாடக கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதற்கு, ஆர்மோனியம் ஒத்துவராது. தடை சரிதான்.

உறையூரான்:
நாடக மேடையில் ஆர்மோனியம் வாசித்தே பிழைத்தவர்களைக் கேளுங்கள், சரியா தப்பா என்று. எங்க ஊர்க்காரன் யாரும் இதை ஒத்துக்க மாட்டான்.

ரிப்பன்வாசி:
ஆர்மோனியத்தை அப்புறம் பார்க்கலாம். 1930 ஏப்ரல் 1. எட்டு வருஷம் நடந்த ஒலிபரப்பு. எழும்பூரான், "காதில் விழுந்ததே இல்லை" என்ற வரியை எடுக்கிறீர்களா இல்லையா?

எழும்பூரான்:
எடுக்க மாட்டேன். ரெண்டு மணி நேரம்.

ரிப்பன்வாசி:
ரெண்டரை.