கொசுமேலில் இறங்காமல் கப்பலிலேயே ஒரு நாள்: வீண் செலவா?

கேள்வி: ஹூஸ்டன்வாசி

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஏழு இரவுக் கப்பல் பயணத்திற்கு முன்பதிவு செய்திருக்கிறோம். ஹோண்டுராஸின் ரொவாட்டான் தீவு, பெலீஸ், மெக்சிகோவின் கொசுமேல் தீவு ஆகிய மூன்று துறைமுகங்களும் அடுத்தடுத்த நாள்களில் வருகின்றன. நானும் மனைவியும் கொசுமேலை ஏற்கெனவே இருமுறை பார்த்துவிட்டோம். இம்முறை எங்களுடன் வரும் அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் தேய்மானம் இருப்பதால் வெயிலில் வரிசையில் நிற்க இயலாது. ஆகவே கொசுமேல் நாளை மூவரும் கப்பலிலேயே கழிக்கலாம் என்று எண்ணுகிறோம். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "அவ்வளவு காசு கொடுத்துவிட்டுக் கப்பலிலேயே படுத்துக் கிடப்பீர்களா?" என்று சிரித்தார். அன்று கப்பலில் எவையெல்லாம் திறந்திருக்கும், சைவம் மட்டுமே உண்ணும் அம்மாவுக்கு மதிய உணவு கிடைக்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி: மேல்தளத்து நாற்காலி

வணக்கம். துறைமுகக் கட்டணம் நீங்கள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் பயணச் சீட்டிலேயே வசூலிக்கப்பட்டுவிடுகிறது என்பதால், அந்தப் பணத்தை மீட்பதற்காகக் கரையில் அலைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கொசுமேல் திரும்பத் திரும்ப வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதானால் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டாக வேண்டும். டெக்சாஸ் கரையிலிருந்து அதற்கு வசதியாக அமைந்திருப்பது கொசுமேல்.

காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை கப்பல் உங்களுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடலில் செல்லும் நாள்களில் விடியற்காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடிக்கும் கூட்டத்தில் பெரும்பகுதி அப்போது கரையில் இருக்கும். நீச்சல் குளத்தருகே நிழலான நாற்காலி, காத்திருக்காமல் நீர்ச்சறுக்கு, ஆளில்லாத சுடுநீர்த் தொட்டி ஆகியவை எல்லாம் அந்த நான்கு மணி நேரத்தில்தான் வாய்க்கும். ஸ்பாவிலும் துறைமுக நாளுக்கென்று தள்ளுபடி அறிவிப்பது வழக்கம். முதல் நாளே கேட்டு வையுங்கள். மாறாக, உள்ளூர்ச் சட்டங்கள், சுங்க விதிகள் ஆகியவற்றின் காரணமாகச் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் மூடியே இருக்கும். மூன்று மணிக்குப் பிறகு மணல் ஒட்டிய கால்களோடு எல்லோரும் திரும்பிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கப்பல் ஓடும்போது மேல்தளத்தில் வீசும் காற்று, கட்டி நிற்கும்போது இருக்காது. அதிலும் கொசுமேலின் கப்பல் துறைகள் தீவின் மேற்குக் கரையில், கிழக்கிலிருந்து வரும் வாணிபக் காற்றுக்கு மறைவாக அமைந்திருப்பதால், நண்பகலில் டிசம்பரிலும் புழுக்கம் தெரியும். அம்மாவை அந்த நேரத்தில் உள்ளே, பெரிய கண்ணாடிச் சன்னல் உள்ள ஓய்வறை ஒன்றில் உட்கார வையுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, பல கப்பல்களில் துறைமுக நாளன்று பிரதான உணவகம் மதியத்தில் திறப்பதில்லை, பஃபேதான் கதி. அங்கே சோறும் ஏதாவது ஒரு பருப்போ காய்கறிக் குழம்போ பெரும்பாலும் கிடைக்கும். என் மாமியார் காலைச் சிற்றுண்டியின்போது சர்க்கரை சேர்க்காத தயிர்க் கிண்ணம் இரண்டை எடுத்து அறையின் சிறு குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, மதியம் பஃபே சோற்றில் பிசைந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டார். ஊறுகாயைப் புறப்படும் முன்பே கப்பல் நிறுவனத்தின் விதிகளைப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி: ஏழு குறில் ஒரு நெடில்

மேலே கூறப்பட்டவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பயணிகள் வெளியே சென்றிருக்கும் நேரத்தில்தான் ஊழியர்களுக்கான அவசரகாலப் பயிற்சியைப் பெரும்பாலும் நடத்துகிறார்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் எழும். அது உண்மையான ஆபத்தில் அனைவரையும் ஒன்றுகூடும் இடத்துக்கு அழைக்கும் பொது அவசர ஒலியேதான். "இது ஊழியர்களுக்கு மட்டும்" என்று அறிவிப்பார்கள். ஆனால் அந்த அறிவிப்பு நடைபாதையில் மட்டுமே ஒலித்ததால் அறைக்குள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்த என் தந்தைக்குக் கேட்கவில்லை. சங்கொலி மட்டும் கேட்டு, ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் கடவுச்சீட்டுமாக அவர் கதவைத் திறந்தபோது, ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கி அணிந்த ஊழியர்கள் நடைபாதையில் வரிசையாகச் சென்றுகொண்டிருந்திருக்கிறார்கள். பஃபேயில் இருந்த நான் ஓடி வருவதற்குள் அவர் மூன்று மாடிகள் இறங்கிவிட்டார். ஆகவே உங்கள் அம்மாவிடம் முந்தைய இரவே சொல்லி வையுங்கள். எரிபொருள் நிரப்புதல், உயிர்காப்புப் படகுகளை இறக்கிப் பார்த்தல், சாயம் பூசுதல் போன்ற வேலைகளும் அன்று நடப்பதுண்டு என்பதால், பால்கனியில் அமைதியாக வாசிக்கலாம் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மறுமொழி: கரை விரும்பி

தங்கும் எண்ணத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. தேர்ந்தெடுத்த துறைமுகத்தில்தான் இல்லை. பெலீஸ் நகருக்கு அருகே கடல் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளைச் சிறு படகுகள் ஏற்றிச் செல்கின்றன. ஆடும் படகில் கால் மாற்றி ஏறி இறங்குவது தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றதன்று. கொசுமேலிலோ கப்பல் நேரே துறையில் கட்டப்படுகிறது. அங்குள்ள மூன்று கப்பல் துறைகளில் புன்டா லங்கோஸ்டா கிடைத்தால், வெளியே வந்ததும் சான் மிகேல் நகரத்தின் கடற்கரைச் சாலைதான். ஆகவே பெலீஸில் தங்கி, கொசுமேலில் காலை ஒரு மணி நேரம் மட்டும் அம்மாவோடு இறங்கி, கூட்டம் திரும்பும் முன் வந்துவிடுவதே என் யோசனை.

இன்னொன்று: கொசுமேல் அமைந்துள்ள கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. டிசம்பரில் அது டெக்சாஸ் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கரை அலைவரிசையைப் பிடித்து உங்கள் கைப்பேசி தானாக மாறிவிடக்கூடும். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்பதை அன்றைய அறிவிப்புத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் ஸ்பாவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஹூஸ்டன்வாசி

மூவருக்கும் நன்றி. பெலீஸின் படகு விவகாரம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கே தங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். பயிற்சிச் சங்கொலியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்த ஊறுகாய் விதியை முதலில் விசாரி" என்கிறார்.