2 ஜிபி ரேம், செலரான் மடிக்கணினி: எந்த லினக்ஸ் தாங்கும்?

பனையோலை:
வணக்கம் நண்பர்களே. 2012இல் பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று கையில் இருக்கிறது. இன்டெல் செலரான் பி815, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இப்போது அதில் இருப்பது 32 பிட் விண்டோஸ் 7. பிரவுசரில் பாடம் பார்ப்பது, லிப்ரே ஆபீஸில் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வது, இவ்வளவுதான் தேவை. ஆன்டிஎக்ஸ், லுபுண்டு, பப்பி ஆகிய மூன்று லினக்ஸ் வகைகளில் எது சரி? 32 பிட் பதிப்புத்தானே இறக்க வேண்டும்? செலவு செய்வதென்றால் ரேமுக்கா, எஸ்எஸ்டிக்கா?

முனையம்:
முதலில் 32 பிட் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விண்டோஸ் 32 பிட் என்பதால் பிராசஸரும் 32 பிட் ஆகிவிடாது. பி815 என்பது 64 பிட் சிப். 64 பிட் ஐஎஸ்ஓவையே (நிறுவல் கோப்பையே) இறக்குங்கள். 32 பிட்டுக்கு இனி எதிர்காலம் இல்லை. கூகுள் குரோம் லினக்ஸில் 2016இலேயே அதைக் கைவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது.

2 ஜிபியில் என் ஓட்டு ஆன்டிஎக்ஸ் ஃபுல் பதிப்புக்கு. அதன் இலகுவான திரைச்சூழலான ஐஸ்டபிள்யூஎம் வந்து நிற்கும்போது ரேமில் ஏறக்குறைய 200, 250 எம்பிதான் போயிருக்கும். லுபுண்டு நல்லதுதான், ஆனால் அதில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் எனும் சுருக்கிய தொகுப்பாக வருகிறது. சுருக்கி வைத்த கோப்பை ஒவ்வொரு முறையும் பிரித்துப் படிக்க வேண்டியிருப்பதால், சுழலும் டிஸ்க்கில் முதல் தடவை திறக்க வெகு நேரம் பிடிக்கும். பப்பி முழுவதையும் ரேமில் ஏற்றிக்கொண்டு ஓடும். பழுது பார்க்கவும் கோப்புகளை மீட்கவும் அருமையான கருவி. ஆனால் பிரவுசருக்கு வேண்டிய ரேமையே அது பிடித்துக்கொள்ளும், தினப் பயன்பாட்டுக்கு வேண்டாம்.

ரூஃபஸ் மென்பொருளில் பென் டிரைவ் தயாரிக்கும்போது டிடி முறையை (கோப்பை அப்படியே நகலெடுக்கும் முறையை) தேர்ந்தெடுங்கள். நிறுவும் முன் லைவாக, அதாவது பென் டிரைவிலிருந்தே, ஓட்டி ஒலி, வைஃபை, திரை வெளிச்சம் மூன்றையும் சோதியுங்கள். லைவில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே டெமோ, நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்குக் கடவுச்சொல் ரூட். வைஃபை தெரியவில்லையென்றால் எல்எஸ்பிசிஐ கட்டளையில் சிப் எண்ணைப் பாருங்கள். பிராட்காம் 43142 என்றிருந்தால் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் தொகுப்பும், அதோடு உங்கள் கெர்னலுக்கான (லினக்ஸின் மையப் பகுதிக்கான) ஹெடர்ஸ் தொகுப்பும் வேண்டும். ஹெடர்ஸ் இல்லாமல் போட்டால் டிரைவர் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். அதை இறக்கும் வரை ஃபோனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்தால் போதும்.

கரிசல்காடு:
டிஸ்ட்ரோவை (லினக்ஸ் வகையை) பேசுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். லைவிலேயே ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டுங்கள். கரன்ட் பெண்டிங் செக்டர் வரிசையின் கடைசி எண் பூஜ்யம் இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் எதையும் நிறுவாதீர்கள், முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். பாதி நிறுவலில் தொங்கிப்போவதை டிஸ்ட்ரோவின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். படிக்க முடியாத செக்டர்தான் பல நேரம் காரணம்.

ரேமா எஸ்எஸ்டியா என்றால், உங்கள் தேவைக்கு முதலில் ரேம். பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் 2 ஜிபி தீர்ந்துவிடும், பிறகு ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தில்) தள்ள ஆரம்பிக்கும். மெதுவாகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 204 பின் டிடிஆர்3 சோடிம், 1333 வேகம், 1.5 வோல்ட், பிசி3-10600எஸ் என்று குறித்த ரேமைப் பாருங்கள். பழைய சாமான் கடையில் 4 ஜிபி துண்டாகவே கிடைக்கும். பிசி3எல் என்று குறித்ததும் பொதுவாக இதில் ஓடும், ஏனென்றால் அது 1.35, 1.5 இரண்டையும் தாங்கும். காலி ஸ்லாட் இருக்கிறதா என்று டிஎம்ஐடிகோட் கட்டளை காட்டும்.

அடுத்து எஸ்எஸ்டி, 2.5 அங்குல சாட்டா. பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மிமீ, புதியது 7 மிமீ. ஆட்டம் கொடுத்தால் எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையேல் கனெக்டர் அசைந்து இணைப்பு விட்டுவிட்டுப் போகும்.

யூடியூப் திக்கினால், வீடியோவை எச்.264 வடிவில் வரவைக்கும் எச்264இஃபை நீட்சியைப் பிரவுசரில் போடுங்கள். யூடியூப் அனுப்பும் வடிவங்களில் இந்தத் தலைமுறை கிராபிக்ஸ் எச்.264ஐ மட்டும்தான் வன்பொருளில் விரிக்கும். விபி9 வடிவில் வந்தால் முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். 480பியில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பனையோலை:
மிக்க நன்றி. பெண்டிங் செக்டர் பூஜ்யம்தான், ஆன்டிஎக்ஸ் 64 பிட் நிறுவியாகிவிட்டது. ஆனால் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க ஆப்ட் அப்டேட் கட்டளை கொடுத்தால் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. மிரரை (மென்பொருள் இறக்கும் சர்வரை) மாற்றியும் பயனில்லை.

முனையம்:
மிரரை விடுங்கள், தேதியைப் பாருங்கள். பயாஸ் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். சான்றிதழ், ரிலீஸ் கோப்பு இரண்டுமே எதிர்காலத் தேதி போட்டதாகத் தெரிவதால் மறுக்கின்றன. இப்போதைக்கு பயாஸில் தேதியைச் சரிசெய்துவிட்டு அப்டேட் கொடுங்கள். நிரந்தரத் தீர்வு சிஆர்2032 பேட்டரி. மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரட்டைக் கம்பியும் சிறு கனெக்டரும் வைத்துச் சுற்றியதுதான் இருக்கும், அதனால் கழற்றிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

நுங்குவண்டி:
தமிழ்99 பற்றி யாரும் சொல்லவில்லையே. தட்டச்சுக் கருவியான ஐபஸ், அதற்குத் தமிழ் விசைமுறை தரும் ஐபஸ்-எம்17என், எழுத்துருத் தொகுப்பான fonts-lohit-taml மூன்றையும் போடுங்கள். எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஐபஸ் அமைப்பில் தமிழ்99ஐச் சேருங்கள். ஐஸ்டபிள்யூஎம்மில் ஐபஸ் தானாகத் தொடங்காது. ஹோமில் மறைந்திருக்கும் டெஸ்க்டாப்-செஷன் ஃபோல்டரிலுள்ள ஸ்டார்ட்அப் கோப்பில் ஐபஸ்-டீமன் வரியைச் சேர்த்து, வரிக் கடைசியில் ஆம்பர்சண்ட் குறி இடுங்கள்.

பிரவுசரில் தமிழ் வந்து லிப்ரே ஆபீஸில் மட்டும் வரவில்லையென்றால் லிப்ரேஆபீஸ்-ஜிடிகே3 தொகுப்பை நிறுவுங்கள். பிறகு டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் பகுதியில் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, அதற்கான இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருவை மாற்றும்போதும் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் பிரிவில்தான் மாற்ற வேண்டும். வெஸ்டர்ன் பிரிவில் எத்தனை முறை மாற்றினாலும் தமிழ் எழுத்து அசையாது.