வெள்ளிக்கிழமை ஃபிசியோவை யார் ரத்து செய்வது?

குழு: எங்கள் வீடு

சுதா: பிரபு, வெள்ளிக்கிழமை மதுரையில் வளைகாப்பு இருக்கிறதல்லவா, அம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் ஃபிசியோ வேண்டாம். என் போனில் நமக்காக வேலைகளைச் செய்து தரும் ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் சொன்னேன். காலண்டரில் நிகழ்ச்சிகளை நீக்க அனுமதி கேட்கிறது. கொடுக்கட்டுமா?

பிரபு: கொஞ்சம் பொறு அக்கா. இதுவரை அதற்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. கூகுள் காலண்டரில் அடுத்த படி அனுமதி கொடுத்தால் சேர்ப்பது, திருத்துவது, நீக்குவது எல்லாம் சேர்ந்தே போய்விடும்.

பெரியப்பா: சேர்க்கலாம், நீக்கக் கூடாது என்று சொல்ல முடியாதா?

பிரபு: கூகுளிடம் அப்படிப் பிரித்துக் கேட்க வழியில்லை பெரியப்பா. ஏஜென்ட்டுக்கும் காலண்டருக்கும் நடுவில் இருக்கும் கருவிதான் அந்தக் கட்டுப்பாட்டை வைக்க வேண்டும். ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்க எம்.சி.பி. என்று ஒரு முறை 2024 நவம்பரில் வந்தது. அதில் ஒரு கருவி அழிக்கும் வேலையைச் செய்யக்கூடியது என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். குறித்திருந்தால் ஏஜென்ட் நம்மைக் கேட்டுவிட்டுச் செய்யும்படி அமைப்பது எளிது.

சுதா: ஒரு நாள் ஃபிசியோவுக்கு இவ்வளவு யோசனையா?

பிரபு: அந்த ஒரு நாள்தான் அக்கா சிக்கல். அம்மாவின் ஃபிசியோ செவ்வாய், வெள்ளி என்று ஒரே தொடராகப் போட்டது. தொடருக்கு ஓர் அடையாளக் குறி இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் அதே குறியின் பின்னால் அடிக்கோடு போட்டு, தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். ஏஜென்ட் நாளின் குறியைக் கொடுத்தால் அந்த வெள்ளி மட்டும் போகும். வால் இல்லாத குறியைக் கொடுத்தால் எல்லாச் செவ்வாயும் எல்லா வெள்ளியும் போய்விடும். நாம் கையால் நீக்கும்போது "இது மட்டுமா, எல்லாமா" என்று திரை கேட்கும். ஏஜென்ட் திரையைத் தொடாமல் உள்வழியாகப் போவதால் அந்தக் கேள்வியே வராது.

அம்மா: முட்டி ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் படி இறங்குகிறேன். ஃபிசியோ மொத்தமும் போய்விடக் கூடாது கண்ணு.

பிரபு: போகாதும்மா. இன்னொன்றும் இருக்கிறது. நீக்கும்போது அழைக்கப்பட்டவருக்குத் தகவல் அனுப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மெயில் போகாது. ஃபிசியோ தம்பி வெயிலில் வண்டி ஓட்டி வந்து பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு இதுதான் பெரிய கவலை. ரத்து என்பது நம் திரையில் ஒரு கட்டம் மறைவது இல்லை, இன்னொருவருடைய நாள் அதில் இருக்கிறது.

அத்தை: என் கண் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டும் அதில்தானே இருக்கிறது? அதையும் இதிலேயே மாற்றச் சொல்லலாமா?

பிரபு: வேண்டாம் அத்தை. அது நாமே எழுதி வைத்த குறிப்பு. அதை அழித்தால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் தெரியாது, போன் செய்துதான் மாற்ற வேண்டும். ரயில் டிக்கெட்டும் அப்படியே. காலண்டரில் எடுத்துவிட்டால் டிக்கெட் ரத்தாகிவிடாது. "ரத்து செய்துவிட்டேன்" என்று ஏஜென்ட் சொன்னால், எதை என்று கேட்க வேண்டும்.

பெரியப்பா: தவறி அழித்தால் திரும்ப எடுக்கலாமா?

பிரபு: கூகுள் காலண்டரின் குப்பைத்தொட்டியில் சுமார் 30 நாள் இருக்கும், கணினியில் திறந்து மீட்கலாம். ஆனால் வெளியே போன "ரத்து" மெயிலைத் திரும்ப வாங்க முடியாது.

சுதா: சரி. நான் கேட்காமல் அதுவாக எதையாவது நீக்குமா?

பிரபு: நடந்திருக்கிறது அக்கா. 2025 ஆகஸ்டில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். காலண்டர் அழைப்பு ஒன்றில் கட்டளைகளை மறைத்து அனுப்பினார்கள். அழைப்பைப் பெற்றவர் கூகுளின் ஏ.ஐ. உதவியாளரான ஜெமினியிடம் "இந்த வாரம் என்ன இருக்கிறது" என்று சாதாரணமாகக் கேட்க, அது அழைப்பைப் படித்து அந்தக் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தது. வீட்டு விளக்கு அணைந்தது, ஜன்னல் கதவு திறந்தது. காலண்டர் நிகழ்ச்சிகளை அழிக்கவும் வைக்க முடிந்தது. ஆய்வாளர்கள் கூகுளிடம் முன்பே சொல்லிவிட்டதால் அது பாதுகாப்பைக் கூட்டியது. ஆனாலும் யார் வேண்டுமானாலும் நமக்கு அழைப்பு அனுப்பலாம் என்பது மாறவில்லை. அதனால்தான் ஒவ்வொரு ரத்துக்கும் முன்னால் மனிதர் ஒருவர் சரி சொல்ல வேண்டும் என்கிறேன்.

பெரியப்பா: நியாயம்தான். வேலைக்கு ஆள் வைத்தாலும் சாவியைக் கேட்டுத்தானே எடுக்க வேண்டும்.

சுதா: கேட்டுவிட்டுச் செய் என்று அமைத்துவிட்டேன். இப்போது இப்படிக் கேட்கிறது, பாருங்கள்:
"அம்மா ஃபிசியோ, வெள்ளி மாலை 5 மணி. இந்த ஒரு நாள் மட்டும். தொடரின் மற்ற நாட்கள் அப்படியே இருக்கும். அழைக்கப்பட்ட 1 நபருக்கு மெயில் போகும். நீக்கலாமா?"

பிரபு: இதுதான் வேண்டும். நாள், ஒரு முறையா தொடரா, யாருக்குத் தகவல், மூன்றும் இருக்கிறது. சரி கொடு அக்கா. அம்மா, எதற்கும் ஃபிசியோ தம்பிக்கு ஒரு போனும் செய்துவிடுங்கள்.

சுதா: கொடுத்துவிட்டேன். செவ்வாய் இருக்கிறது, அடுத்த வெள்ளியும் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

அம்மா: பேசிவிட்டேன். மெயில் வந்ததாம். வெள்ளிக்குப் பதில் சனிக்கிழமை காலையில் வரட்டுமா என்று கேட்கிறார். ஊரிலிருந்து எப்போது திரும்புகிறோம் சுதா?

சுதா: ராத்திரியே கிளம்பிவிடுவோம் அம்மா. பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், நான் காலண்டரில் சேர்க்கிறேன்.