கமாண்டோ கியர்பாக்ஸ்: மூன்றாம் கியர் வரை இரைச்சல், நான்காவதில் அமைதி

ஜெலுத்தோங்வாசி:

அனைவருக்கும் வணக்கம். சித்தப்பா எனக்குக் கொடுத்த 1974ஆம் ஆண்டு நார்ட்டன் கமாண்டோ 850 மோட்டார் சைக்கிளைப் பினாங்கில் வார இறுதிகளில் ஓட்டி வருகிறேன். இஞ்சினில் குறையில்லை, கியர்பாக்ஸ்தான் கவலை தருகிறது. முதல் மூன்று கியர்களிலும் கேட்கும் உறுமல், நான்காவதற்கு மாற்றியதும் அடங்கிவிடுகிறது. ஆயர் ஈத்தாம் மேட்டில் ஏறும்போது கால் படாமலேயே கிக்கர் (உதைத்து இஞ்சினைக் கிளப்பும் மிதி) கீழ்நோக்கி அசைகிறது. த்ராட்டலைக் குறைத்தால் மேலே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, இரண்டாம் கியர் சில வேளைகளில் தானாகவே நழுவுகிறது.

பட்டறை ஒன்றில், உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு நல்ல கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) ஒன்றே வாங்கிவிடலாம். அத்தனையையும் மாற்றத்தான் வேண்டுமா? நானே பிரித்துப் பார்க்க நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

செந்தூல் பட்டறைக்காரர்:

முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கியர்பாக்ஸில் இஞ்சினின் விசை கிளட்ச் வழியாக மெயின்ஷாஃப்ட் என்ற முதன்மை அச்சுக்கு வந்து, அதே அச்சில் அதைச் சுற்றி அமைந்துள்ள ஸ்லீவ் கியர் வழியாக, சங்கிலியை இழுக்கும் ஸ்புரோக்கெட்டுக்குப் போகிறது. நான்காம் கியரில் இவ்விரண்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்வதால், கீழே உள்ள லேஷாஃப்ட் என்ற துணை அச்சு சுமை எதுவுமின்றி வெறுமனே சுழலும். மற்ற மூன்று கியர்களிலும் விசை லேஷாஃப்டுக்கு இறங்கித்தான் திரும்ப ஏறும். ஆகவே, நான்காவதில் மட்டும் சத்தம் அடங்குகிறது என்றால் சந்தேகம் லேஷாஃப்டின் மீதுதான் விழ வேண்டும்.

லேஷாஃப்டின் இடது முனை கியர்பாக்ஸ் கூட்டுக்குள் ஒரு பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. வலது முனை கிக்கர் ஷாஃப்டின் உள்ளே இருக்கும் புஷ் என்ற உலோகக் குழலில் சுழல்கிறது. இடது பேரிங் தேய்ந்ததும் லேஷாஃப்ட் சாய்ந்து, அந்தப் புஷ்ஷை இறுகப் பற்றி, கிக்கர் ஷாஃப்டையும் தன்னோடு இழுத்துச் சுழற்றப் பார்க்கும். உங்கள் கிக்கர் தானாக அசைவது அதனால்தான். இதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், பேரிங் முற்றிலும் நொறுங்கி, கியர்பாக்ஸ் பூட்டிக்கொண்டு, ஓடும்போதே பின்சக்கரம் நின்றுவிடக்கூடும். அக்காலக் கமாண்டோக்கள் பலவற்றில் பொருத்தப்பட்ட, போர்த்துகலில் தயாரான பேரிங் இந்த விஷயத்தில் உலகெங்கும் கெட்ட பெயர் வாங்கியது.

எல்லாப் பற்சக்கரங்களையும் மாற்ற வேண்டும் என்று, கியர்பாக்ஸைத் திறந்து பார்க்காமலேயே ஒருவர் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன்.

பிறை கடைசல்காரர்:

மேலே சொன்னது சரிதான், தம்பி. பிரிக்கும் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்பேனரில் தொடங்குங்கள். இந்த வண்டியில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு நட்டுகளும் உண்டு, அங்குல அளவு நட்டுகளும் உண்டு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நெம்பினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். காலையில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனால் பழைய விட்வொர்த் ஸ்பேனர்கள் கண்ணில் படக்கூடும். பேரம் பேசத் தயங்காதீர்கள்.

மெயின்ஷாஃப்டை உருவ வேண்டுமானால் கிளட்சைக் கழற்றியாக வேண்டும். கமாண்டோவின் கிளட்சில் இருப்பது டயஃப்ரம் ஸ்பிரிங். அதற்கென்றே உள்ள அழுத்தும் கருவியால் தட்டையாக்கிய பிறகுதான் அதைப் பிடித்திருக்கும் வளையத்தை எடுக்க வேண்டும். கருவியில்லாமல் நெம்பினால் ஸ்பிரிங் முகத்தை நோக்கிப் பாயும். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் வேண்டாம். ஸ்புரோக்கெட் நட்டு இடதுமரை என்பதையும் நினைவில் வையுங்கள். வழக்கமான திசையில் திருப்பினால் மேலும் இறுகும்.

பேரிங் உட்கார்ந்திருக்கும் துளைக்கு மறுபக்கம் திறப்பில்லை. பின்னாலிருந்து தட்டி எடுக்க முடியாது என்பதால் சூடுதான் வழி. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். கூட்டின் மேல் தெளித்த நீர்த்துளி சுரீரென்று ஆவியாகும் அளவுக்குச் சூடேற்றி, வாய்ப்பக்கத்தை மரப்பலகையின் மேல் ஓங்கித் தட்டினால் பேரிங் தானே விழும். கூட்டை வண்டியிலிருந்து இறக்காமலும் இதைச் செய்பவர்கள் உண்டு. அப்படியானால் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, தீச்சுவாலைக்குப் பதிலாக வெப்பக்காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்துங்கள். புதிய பேரிங்கை முந்தைய இரவே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.

பழைய பேரிங் 6203 அளவு: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். அதே அளவில் என்ஜே203 என்ற ரோலர் பேரிங் கிடைக்கிறது; சுமை தாங்கும் திறன் அதில் அதிகம். நான் அதையே போடச் சொல்வேன். ஆனால், பால் பேரிங்கைப் போல அது ஷாஃப்டை நீளவாக்கில் இருபுறமும் தடுத்து நிறுத்தாது. எனவே, கேஸ்கெட்டுடன் உள்மூடியைப் பூட்டிய பின் லேஷாஃப்டின் முன்பின் அசைவைச் சரிபார்த்து, அதிகமாக இருந்தால் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைக்க வேண்டும்.

ஜெலுத்தோங்வாசி:

மிக்க நன்றி, ஐயா. திறந்துவிட்டேன். பேரிங்கின் கூண்டு உடைந்து, எண்ணெயில் பித்தளைத் தூள் மின்னியது. பற்களின் முகங்களில் குழிகளோ வெடிப்புகளோ இல்லை. இரண்டாம் கியரின் பக்கவாட்டில் உள்ள டாக்குகளின் (அடுத்த சக்கரத்தோடு கோத்துக்கொள்ளும் முட்டுகளின்) மூலைகள் மட்டும் சற்று உருண்டிருக்கின்றன. அதை மாற்ற வேண்டுமா? எண்ணெய் எதை ஊற்றுவது?

செந்தூல் பட்டறைக்காரர்:

லேஷாஃப்ட் சாய்ந்திருந்தால் நல்ல டாக்குகளும் நழுவும். ஆனாலும் மூலை உருண்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அப்படியே பூட்டுவது வீண்வேலை. இன்னொரு முறை அத்தனையையும் பிரிக்க நேரும். அந்தச் சக்கரத்தையும், அதன் டாக்குகளோடு கோத்துக்கொள்ளும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர் சக்கரங்களை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்குகள் வளைந்திருக்கின்றனவா, அந்த ஃபோர்க்குகளை இயக்கும் கேம் பிளேட்டின் பிளஞ்சர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மீண்டும் பூட்டும்போது கேம் பிளேட்டும், அதைத் திருப்பும் பற்கள் கொண்ட குவாட்ரன்ட்டும் கையேட்டில் காட்டிய நிலையில் பொருந்த வேண்டும். ஒரு பல் தவறினாலும் நான்கு கியர்களும் முழுமையாகக் கிடைக்காது. ஆகவே வெளிமூடியைப் போடும் முன், ஷாஃப்டைக் கையால் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள்.

எண்ணெய்க்கு 80டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம் போதும். ஜிஎல்-5 எண்ணெய்களில் கந்தகக் கூட்டுப்பொருள் கூடுதலாக இருப்பதாலும், உள்ளே வெண்கலப் புஷ்கள் இருப்பதாலும் அதை நான் தவிர்ப்பேன். மட்டத் திருகுவரை மட்டும் ஊற்றுங்கள். அதற்கு மேல் போனால் கிளட்சை இயக்கும் புஷ்ராட் வழியாகக் கசிந்து கிளட்ச் தட்டுகளை நனைத்து, கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.