அந்தப் 'படக்' சத்தம் எலும்பு உட்கார்ந்த சத்தமா?

ஸ்மாஷ் ராஜா: நெடுந்தூரம்ங்கிறவர் நேத்து, முதுகெலும்பைக் கையால தள்ளிச் சரிசெய்யற வைத்தியத்தைப் பத்தி "கைரோபிராக்டிக்னா காசு கொடுத்து நெட்டி முறிச்சுக்கிறது"ன்னு எழுதியிருந்தார். எரிச்சலா வந்துச்சு. இடுப்பு வலியால மூணு வாரமா குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாதவன் நான். அந்த வைத்தியர்கிட்ட போனேன். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறு பக்கமுமா ஒரு தள்ளு. படக்! விலகின எலும்பு இடத்துல உட்கார்ந்த சத்தம். எழுந்து நானே லேஸ் கட்டினேன். இப்ப ஷட்டில்ல ஸ்மாஷும் முன்னைவிட வேகமாப் போகுது.

நெடுந்தூரம்: வலி போனதை நான் மறுக்கல. எலும்பு உட்கார்ந்துச்சுன்னு சொன்னீங்களே, அதைத்தான் மறுக்கிறேன். மூட்டுத் திரவத்துல வாயுக்குமிழி உண்டாகிற சத்தம் அது. விரல்ல நெட்டி எடுக்கும்போதே எம்ஆர்ஐ பிடிச்சு 2015-லயே காட்டிட்டாங்க. விரல்ல எந்த எலும்பு விலகியிருந்துச்சு?

ஸ்மாஷ் ராஜா: விரலும் முதுகும் ஒண்ணா? அடிப்படையே தெரியாம எழுதாதீங்க.

நெடுந்தூரம்: முதுகெலும்போட பின்பக்க மூட்டுகள்லயும் அதே வழவழப்பான திரவம்தான். நெட்டி எடுத்த விரல்ல உடனே இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க, வராது. 20 நிமிஷம் போல ஆகும். அந்த 20 நிமிஷத்துல எலும்பு திரும்ப விலகிடுதா?

பிசியோ அக்கா: கொஞ்சம் பொறுங்க ரெண்டு பேரும். அமெரிக்க மருத்துவர் கல்லூரிங்கிற டாக்டர்கள் அமைப்பு 2017-ல கொடுத்த வழிகாட்டுதல்ல, புதுசா வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி செய்யலாம்னு சொன்னதுல முதுகெலும்பை இப்படித் தள்ளி எடுக்கிற முறையும் இருக்கு. சத்தம் வரணும்னு அவசியமே இல்ல, வராமலும் வலி குறையும்.

ஸ்மாஷ் ராஜா: பார்த்தீங்களா! டாக்டருங்களே ஒத்துக்கிட்டாங்க.

நெடுந்தூரம்: அதே பட்டியல்ல சூட்டு ஒத்தடமும் இருக்கு. ஒத்தடம் எலும்பை உட்கார வைக்குமா? புது இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரத்துல தானாவே குறையும். மூணு வாரம் ஆச்சுன்னு நீங்களேதான் சொன்னீங்க. ஸ்மாஷ் வேகத்தை எதை வெச்சு அளந்தீங்க? வலியோட ஆடினப்ப பாதிக் கை வீச்சு, வலி போனதும் முழு வீச்சு. அவ்வளவுதான். 1895-ல இந்த முறையை ஆரம்பிச்ச பால்மர், முதுகுல ஒரு தட்டு தட்டிக் காது கேட்க வெச்சேன்னார். அங்கிருந்தே இந்த 'விலகின எலும்பு' கதைதான்.

ஸ்மாஷ் ராஜா: போன வருஷம் வெறுங்கால் ஓட்டம்தான் இயற்கைன்னு பக்கம் பக்கமா எழுதிட்டு, குதிகால் வலின்னு ஷூ வாங்கினவர் யாரு? நீங்க எனக்குப் பாடம் எடுக்கிறீங்க!

நெடுந்தூரம்: அது பாத அகலத்துக்கு ஏத்த ஷூ கிடைக்காத பிரச்சினை. அதைப் பத்தி எழுத வேண்டியதை அப்பவே எழுதிட்டேன். இங்க ஏன் இழுக்கிறீங்க?

பிசியோ அக்கா: ஷூவை விடுங்க. கழுத்தை வேகமாத் திருப்பி எடுக்கிறதுல மட்டும் ஜாக்கிரதை. அபூர்வமா ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வரைக்கும் போயிருக்கு.

ஸ்மாஷ் ராஜா: எனக்குக் கழுத்து இல்ல மேடம், இடுப்பு. சத்தம் வந்தது என் முதுகுல. கேட்டது என் காது.

நெடுந்தூரம்: சத்தம் கேட்டுச்சு, சரி. எந்த எலும்பு, எந்தப் பக்கம் விலகியிருந்துச்சு? தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்ரே, பின்னாடி ஒரு எக்ஸ்ரே இருந்தா போடுங்க.

ஸ்மாஷ் ராஜா: லேஸ் கட்டினேன்னு சொல்றேன், எக்ஸ்ரே கேட்கிறார்!